கோச் மேல் கட்டிய பிராது

மங்கலம்பேட்டையில் ஆறு கோல் வாங்கி மேட்ச் முடிந்ததும் கோச் ராஜாங்கம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இதை அவர் இருபது வருஷமாகச் சொல்லிவந்தார். கேட்டுக் கேட்டு, அடுத்த வருஷம் என்று ஒன்று காலண்டரில் உண்டா இல்லையா என்கிற சந்தேகமே விருத்தாசலம் செராமிக் லெவன் ரசிகர்களுக்கு வந்துவிட்டது.

அது 2006, சுதந்திர தினக் கோப்பை. எதிர் டீமும் மங்கலம்பேட்டைதான். அந்தப் பையன்களுக்கு அண்ணனோ மாமனோ யாராவது ஒருத்தர் குவைத்தில் இருப்பார். பெட்டியில் அத்தரும் கம்பளியும் வருகிற மாதிரி பூட்ஸும் வரும். செராமிக் லெவனில் பதினோரு பேருக்கு ஏழு ஜோடி பூட்ஸ். கோல்கீப்பர் இனியவன் ஸ்கூல் கேன்வாஸ் ஷூவோடு நின்றான். நாலாவது கோல் போனபோது ஷூவும் கூடவே போனது.

போக வர மினி லாரி ஒன்றுதான். ஆடினவர்கள், திட்டினவர்கள், திட்டு வாங்கினவர் எல்லோரும் அதிலேயேதான் திரும்ப வேண்டும். அதனால் மேட்ச் முடிந்தாலும் வசவு முடியாது. ஊர் வருகிறவரைக்கும் ஓடும்.

"ஏண்ணே, மூணாவது கோலு வாங்கும்போதே அந்த நாலாம் நம்பர வெளிய எடுத்திருக்கலாம்ல?" என்றான் பக்கிரி. பொம்மைக் கம்பெனியில் அச்சில் களிமண் ஊற்றுகிற வேலை அவனுக்கு. ரசிகர்களில் அவன் தொண்டைதான் பெரிசு.

"எடுத்தா அவன் மனசு கஷ்டப்படும் பக்கிரி."

"அப்ப எங்க மனசு?"

"ஒங்களுக்குப் பழகிடுச்சு."

அடிபட்ட காலைத் தடவிக்கொண்டிருந்த நாலாம் நம்பரே சிரித்துவிட்டான்.

ராஜாங்கத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயசு. ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். கரண்டுப் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, அந்தக் கட்டை. சுடாத பச்சைக் கட்டைகளை மண்பெட்டிகளில் வைத்து, பெட்டி மேல் பெட்டியாக ஆள் உயரத்துக்கு அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்துப் பூசிவிடுவார். அதற்கப்புறம் சூளை எரிந்து, ஆறி, கை வைக்கிற சூடு வருகிறவரைக்கும் திறக்கக் கூடாது. நடுவில் திறந்து எட்டிப் பார்த்தால் குளிர்காற்று பட்டு அத்தனையும் விரிசல் விட்டுவிடும். நல்லதோ கெட்டதோ, உள்ளே வைத்தது வெளியே வருகிறபோதுதான் தெரியும்.

டீமையும் அவர் அப்படித்தான் நடத்தினார். பதினோரு பேரை உள்ளே அனுப்பினால் அனுப்பினதுதான். கடைசி விசில் வரைக்கும் ஒருத்தனையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சூளைக்கு முன்னால் நிற்கிற மாதிரியே கோட்டுக்கு வெளியே நிற்பார். வெந்து வருவது எப்போதும் விரிசலாகவே வந்தது என்பது வேறு விஷயம்.

கோச் ஆனதும் அவர் ஆசைப்பட்டு ஆனதில்லை. டீமை ஆரம்பித்தவர் பழைய மேனேஜர் ஒருத்தர். 1986-இல் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கிளம்புகிற அவசரத்தில் சூளைப் பக்கம் வந்தவர், கண்ணில் பட்ட முதல் ஆளிடம் விசிலையும் காத்தடிக்கிற பம்பையும் பந்துப் பையையும் கொடுத்து, "ரெண்டு வாரம் பாத்துக்க ராஜாங்கம்" என்றார். அந்த ரெண்டு வாரம்தான் இன்னும் முடியவில்லை.

மூன்று தடவை விட்டுவிடப் பார்த்தார். மூத்த பெண் பிறந்தபோது ஒரு தடவை, குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது ஒரு தடவை, அப்பா செத்தபோது ஒரு தடவை. மூன்று தடவையும் பையைக் கொண்டுபோய் மைதானத்தில் வைத்துவிட்டு வந்தார். மூன்று தடவையும் பதினாறாம் நாள் காலையில் பை அவர் வீட்டு வாசலில் இருந்தது. உள்ளே பந்து காத்து இறங்கிக் கிடந்தது.

இந்தக் கதையெல்லாம் ரசிகர்களுக்குத் தெரியாது. மைதானத்துக்குக் கிழக்கே உடைந்த கப்பும் மூக்குப்போன பொம்மையும் கொட்டிக் கொட்டி ஒரு மேடு உண்டு. அதுதான் அவர்கள் கேலரி. முன்னெல்லாம் "பந்தைத் தூக்கி அடிடா" என்பதற்கு மேல் அங்கே பேச்சு இருக்காது. அந்த வருஷம் ஜூன், ஜூலையில் கேபிள் டிவியில் உலகக் கோப்பை ஓடினதோடு மேடு கெட்டுப்போனது. ஆளை மாற்றலாம், ஆட்டத்தையே மாற்றலாம், ரெண்டு மேட்ச் தோற்றால் கோச்சையே மாற்றலாம் என்று பக்கிரிக்குத் தெரிந்துவிட்டது.

மங்கலம்பேட்டையிலிருந்து திரும்பி ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிரி ஒரு பேப்பரோடு ராஜாங்கம் வீட்டுக்கு வந்தான். லாரியில் அந்தக் கத்து கத்தினவன், வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான்.

"அண்ணே, ஒங்க அப்பா பேரு என்னா?"

"இளையபெருமாள். எதுக்குடா?"

"ஒரு விஷயமா வேணும். சொந்த ஊரு?"

"வேப்பூர் பக்கம். எதுக்குன்னு சொல்லேன்."

"தெரு பேரு, கதவு நம்பரு? எல்லாம் கரெக்டா இருக்கணும்ணே. ஆளு மாறிப்போயிடக் கூடாது பாருங்க." பக்கிரி நிமிரவே இல்லை. எழுதி முடித்து, ராஜாங்கத்தின் மனைவி அமுதவள்ளி கொடுத்த டீயைச் சூட்டோடு ஊற்றிக்கொண்டு ஓடிவிட்டான்.

அமுதவள்ளி கணக்குப் போட்டுவிட்டாள். "ஏங்க, எம்பத்தாறுல எடுத்தீங்க. இப்ப ரெண்டாயிரத்தி ஆறு. இருவது வருஷம். பாராட்டு விழா வைக்கப்போறானுவ. நோட்டீஸு அடிக்கத்தான் அப்பா பேரு கேட்டிருக்கான்."

"அட போடி. ஆறு கோலு வாங்கினவனுக்குப் பாராட்டா?"

அப்படிச் சொன்னாரே தவிர, அன்று சாயங்காலமே முடி வெட்டிக்கொண்டார். பெண் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. அமுதவள்ளி எலுமிச்சை தேய்த்து எடுத்தாள். சூளை ஆறக் காத்திருக்கிற நேரத்தில் அவர் மேடையில் பேச ரெண்டு வரி தயார்பண்ணினார். 'நான் ஒண்ணும் செய்யல. பையன்கதான் ஓடினாங்க.' மூன்றாவது வரி வரவில்லை. ரெண்டு போதும் என்று விட்டுவிட்டார்.

பத்து நாள் போனது. நோட்டீஸும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எதிரில் பட்டால் ரசிகர்கள் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பினார்கள். சொல்லாமல் திடீரென்று செய்யப்போகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் மைதானத்து ஓரம் டீக்கடை வைத்திருக்கிற வீரம்மாள்தான் உடைத்தாள். அந்த மேட்டுக்கு முப்பது வருஷமாக டீ ஊற்றுகிறவள். அவளுக்குத் தெரியாமல் அங்கே பல்லியும் கத்தாது.

"சட்டை வெளுத்து வச்சிருக்கியாமே தம்பி?"

"யாரு சொன்னா?"

"ஒம் பொண்டாட்டிதான். ஏம்ப்பா, ஒனக்கு யாருமே சொல்லலியா? விழாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மணவாளநல்லூருக்குப் போயி, நீ கோச்சு வேலைய வுட்டுப் போவணும்னு ஒம்மேல பிராது கட்டிட்டு வந்திருக்கானுவ."

பிராது என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போலீசுக்குப் போக முடியாத குறையை, கோர்ட்டில் நிற்காத வழக்கை, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் எழுதிக் கொடுப்பார்கள். யார் மேல் குறை, அவன் யார் மகன், எந்த ஊர், எந்தத் தெரு என்று விவரமாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, அங்கே காவல் தெய்வமான முனியப்பர் எதிரில் வேலில் கட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் முனியப்பர் பாடு, அந்த விலாசத்துக்காரன் பாடு. தொண்ணூறு நாளைக்குள் முடிந்துவிடும் என்பார்கள். தாலிச்செயினைத் திருடினவன் மேல் கட்டுவார்கள். நிலத்தை வளைத்தவன் மேல் கட்டுவார்கள். ஃபுட்பால் கோச் மேல் கட்டினது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ராஜாங்கம் கையிலிருந்த டீயைப் பொறுமையாகக் குடித்து முடித்தார். கிளாசை வைத்தார்.

"எங்க அப்பா பேரு சரியா எழுதினானுவளா?" என்று மட்டும் கேட்டார்.

அமுதவள்ளி விஷயம் கேள்விப்பட்டதும் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள். "நம்ம வூட்டு டீயையே குடிச்சிட்டு நம்ம மேலயே எழுதிக்கினு போனானா? கெளம்புங்க. அவன் மேல நாம ஒண்ணு கட்டுவோம்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அவன் அப்பா பேரு எனக்குத் தெரியும். போயி கேக்க வேண்டிய வேலைகூட இல்ல. ஆனா வேணாம்." அவர் வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்து, அடியில் நியூஸ் பேப்பர் விரித்த பெட்டியில் வைத்தார். "இருவது வருஷமா நானும் அதைத்தானடி கேக்கறேன். எனக்கு எழுதிக் குடுக்கத் தோணல. அவனுவளுக்குத் தோணிச்சு."

மறுநாள் சாயங்காலம் பையோடு மைதானத்துக்குப் போனார். பையன்கள் வெள்ளை மண் தூசியில் உருண்டுகொண்டிருந்தார்கள். நேராக மேட்டில் ஏறி, பக்கிரியின் மடியில் பையை வைத்தார். மேலே பம்பு, அதற்கு மேலே விசில்.

"என்னாண்ணே இது?"

"சாமிய எதுக்குடா தொண்ணூறு நாளு அலைய வைக்கணும்? நானே போறேன். ரெண்டு வாரம் பாத்துக்க பக்கிரி."

பக்கிரி திரும்பிப் பார்த்தான். மேட்டில் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டீ குடிக்கக் கிளம்பியிருந்தார்கள்.

இதோடு விட்டது தொல்லை என்றுதான் ராஜாங்கம் நினைத்தார். விடவில்லை. அடுத்த வாரம் சைக்கிள் டயர் வெடித்தது. அதற்கடுத்த சூளையில் பாதிக்கு மேல் விரிசல். ஒரு மண்பெட்டி சரிந்து கால் கட்டைவிரல் நகம் போனது. முன்னேயும் இதெல்லாம் நடந்திருக்கிறதுதான். ஆனால் அமுதவள்ளி ஒவ்வொன்றையும் முனியப்பர் பேரில் எழுதினாள்.

"குறை தீந்தா கட்டினவன் போயி வாபஸ் வாங்கணுங்க. அவன் வாங்கல. வழக்கு இன்னும் ஒங்க மேலதான் நிக்குது. அவருக்கு என்னா தெரியும் நீங்க வேலைய வுட்டுட்டது? கையில இருக்கறது ஒங்க விலாசம்."

"சாமிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் நகம் போவுது?"

ராஜாங்கத்துக்கு முனியப்பர் மேல் பயம் என்பதைவிட அசதிதான் அதிகம். விட்ட வேலைக்குக் கேஸ் நடப்பதாவது! நாள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அறுபது தாண்டிவிட்டது. நொண்டிக்கொண்டே பொம்மைக் கம்பெனிக்குப் போனார்.

"வாபஸ் வாங்கிடு பக்கிரி. நான்தான் போயிட்டேனே."

பக்கிரி கையில் பிள்ளையார் அச்சு. முகம் முன்னைவிடக் கறுத்திருந்தது. "அதுல ஒரு சிக்கல் ஆயிடுச்சுண்ணே."

"என்னா சிக்கலு?"

"ஒரே சீட்டுல ரெண்டு குறைய எழுதிட்டோம். நீங்க போவணும்னு ஒண்ணு. டீமு ஒரு மேட்ச்சாவது ஜெயிக்கணும்னு ஒண்ணு. தனித்தனியா கட்டியிருக்கணும். இப்ப வாபஸு வாங்கினா ரெண்டும் சேந்து போயிடும்."

"அதுக்கு?"

"ஒரு மேட்ச்சு ஜெயிச்சுடறோம். மறுநாளே வாங்கிடறேன்."

ராஜாங்கம் அங்கே கிடந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகத் தன்னால் ஜெயிக்க வைக்க முடியாத டீம் ஜெயித்தால்தான் இனி தனக்கு விடுதலை. இந்தத் தீர்ப்பை எந்த ஜட்ஜும் எழுதியிருக்க மாட்டான்.

அப்படித்தான் அவர் ரசிகர் ஆனார். அக்டோபரில் வேப்பூர் டீம் விருத்தாசலத்துக்கு வந்தது. நெடுஞ்சாலை ஓட்டல்களில் புரோட்டா மாவு அடிக்கிற பையன்கள், லாரி ஷெட் பையன்கள். ராஜாங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக மேட்டில் ஏறி, மூக்கில்லாத ஒரு பொம்மைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். ரசிகர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வீரம்மாள் மட்டும், "வா, இங்கேருந்து பாரு, நல்லா தெரியும்" என்றாள்.

உண்மையாகவே நல்லாத் தெரிந்தது. கோட்டோரம் நின்று பார்த்தபோது தெரியாத ஓட்டையெல்லாம் மேலேயிருந்து பளிச்சென்று தெரிந்தது. நாலாம் நம்பர் பந்தை விட்டுவிட்டு ஆளைத் துரத்தினான். இடது பக்கம் ஒரு லாரியே போகலாம், அவ்வளவு காலி. முதல் கோல் போனது.

"மாத்துடா அவன!"

யார் கத்தினது என்று ராஜாங்கமே சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே பக்கிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பெஞ்சில் ஆள் இருந்தது. மாற்றவில்லை. ரெண்டாவது கோலும் போனது. கத்திக் கத்தி ராஜாங்கத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்த வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு இவர்கள் இருபது வருஷம் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று இருந்தது. பிராது கட்ட இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிசு.

மேட்ச் முடிந்ததும் இறங்கிப் போனார். "ஏன்டா மாத்தல?"

"அவன் தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தவங்க கோட்டோரமா நின்னாங்கண்ணே. அவங்க கண்ணு முன்னால எப்படி வெளிய எடுக்கறது?"

ராஜாங்கம் நொண்டிக்கொண்டே போய் சைக்கிளை எடுத்தார்.

நவம்பர் வந்தது, மழை வந்தது, மைதானம் குளமானது. இனி மேட்ச் கிடையாது. எண்பத்தெட்டாவது நாள். ராஜாங்கம் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு பக்கிரி வீட்டு வாசலில் நின்றார்.

"ஏறு."

"எங்கண்ணே?"

"மணவாளநல்லூரு. ஒன்னைய நம்பினா தொண்ணூறு தாண்டிடும்."

பக்கிரி கேரியரில் ஏறி உட்கார்ந்தான். பிராது வாங்கினவர் மிதிக்க, பிராது கொடுத்தவன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வர, ரெண்டு பேரும் போனதை வழியில் பார்த்தவர்கள் சம்பந்தம் பேசப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நகம் போன விரல் பெடலில் பட்டுப் பட்டு வலித்தது. பாதி தூரத்தில் பக்கிரி, "எறங்குங்கண்ணே, நான் மிதிக்கறேன்" என்று இடம் மாற்றிக்கொண்டான். மிதிக்கிறபோது முகம் தெரியாது என்பதாலோ என்னவோ, பேச்சும் வந்தது.

"தூக்கமே இல்லண்ணே. போன வாரம் எவனோ வாசல்ல செருப்ப எறிஞ்சிட்டுப் போயிருக்கான். எம் பொண்டாட்டி அதைக் கழுவி வச்சிருக்கா, ஜோடி வந்தா போட்டுக்கலாம்னு. எப்படிண்ணே இருவது வருஷம் தாங்கினீங்க?"

"மொதல் ரெண்டு வாரந்தான் கஷ்டம்."

கோயிலில் கூட்டமில்லை. வேலில் பேப்பர்கள் சுருட்டிச் சுருட்டிக் கட்டியிருந்தன, மழை ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. இதில் எது தன்னுடையது என்று ராஜாங்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பிராதும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

"அதுல என்னாதான்டா எழுதின?" என்றார். மூன்று மாதமாகக் கேட்க நினைத்துக் கேட்காதது.

பக்கிரி பனியனுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். கவருக்குள் பேக்கிங் சீட்டு ஒன்று. அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதின முதல் நகல். ராஜாங்கம் எட்டத்தில் பிடித்துப் படித்தார்.

'கொளஞ்சியப்பருக்கு செராமிக் லெவன் ரசிகர்கள் எழுதிக்கொண்டது. இளையபெருமாள் மகன் ராஜாங்கம் என்பவர் இருபது வருஷமாக கோச்சாக இருந்து எங்களை வதைக்கிறார். ஆள் நல்ல ஆள். அவர் கை கால், வூடு வாசல், பொண்டாட்டி புள்ளை எதுக்கும் ஒரு சேதாரமும் வேண்டாம். குடல் ஆபரேஷன் பண்ண உடம்பு. கோச் வேலையை மட்டும் விட்டுப்போக வேண்டும். டீம் ஒரு மேட்ச்சாவது ஜெயிக்க வேண்டும்.'

ராஜாங்கம் ரெண்டு தடவை படித்தார். பிறகு மடித்து, அதே கவரில் போட்டு, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பக்கிரி திருப்பிக் கேட்கவில்லை.

"அப்ப நகம் போனது?" என்றார்.

"அதுக்கு நாங்க பொறுப்பில்லண்ணே. தெளிவா எழுதியிருக்கோம்ல."

வாபஸுக்கு எழுத உட்கார்ந்தான் பக்கிரி. பேனா ஓடவில்லை. "குறை தீந்துதுன்னு எழுதணும். எங்கண்ணே தீந்துது? சாமிகிட்ட பொய் எழுதலாமா?"

ராஜாங்கம் தூணில் சாய்ந்துகொண்டு யோசித்தார். "பாதி தீந்துது, மீதிய நாங்களே பாத்துக்கறோம்னு எழுது."

"எப்ப பாத்துக்கறோம்னு கேட்டா?"

"அடுத்த வருஷம்னு போடு."

பக்கிரி அப்படியே எழுதினான்.

மழை விட்டு மைதானம் காய்ந்த முதல் ஞாயிறு, திட்டக்குடி டீம் பஸ்ஸில் வந்து இறங்கியது. ராஜாங்கம் மேட்டில் தன் இடத்தில் இருந்தார். இப்போது யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பாதி ஆட்டத்தில் மூன்று கோல். "டேய் பக்கிரி, இடது பக்கம் கதவு தெறந்து கெடக்குதுடா!" என்று அவரும் கத்தினார், மற்றவர்களும் கத்தினார்கள். பக்கிரி திரும்பாமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினான். கேட்டுது, கேட்டுது என்கிற மாதிரி.

அப்போது பக்கத்தில் இருந்த அறிவழகன், பொம்மைக் கம்பெனியில் புதுசாகச் சேர்ந்து பேக்கிங் போடுகிறவன், பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து முட்டி மேல் விரித்தான். ராஜாங்கத்தின் காதருகே குனிந்தான்.

"அண்ணே, பக்கிரி அண்ணனோட அப்பா பேரு என்னா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மனுஷனின் பாடையை முன்பக்கம் பிடித்து மணிமுத்தாறு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர் ராஜாங்கம். அவர் பேப்பரைப் பார்த்தார். கீழே, கோட்டோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்தார்.

"தெரியாதுப்பா."

"சொந்த ஊரு?"

"அதுவும் தெரியாது."

அறிவழகன் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பேப்பரை மடித்துப் பையில் வைத்தான்.